சுள்ளிக்கல்லிலிருந்து வந்த கிளாரினெட்

மட்டாஞ்சேரியில் நான் வேலை பார்த்த அருங்காட்சியகம் பெரிய இடம் அல்ல. ஏலமும் சுக்கும் கப்பலேற்றிப் பணம் பார்த்த ஒரு குடும்பம், படகுத்துறைக்குப் பக்கத்தில் இருந்த தங்கள் பழைய பண்டகசாலையின் மாடியில் அதை ஆரம்பித்தது. பின்னால் ஒரு டிரஸ்ட் வந்தது, சூப்பிரண்டு வந்தார், டிக்கெட் வந்தது. கீழே மிளகு மூட்டை அடுக்கியிருந்த இடத்தில் மூட்டை போன பிறகும் நெடி மட்டும் போகவே இல்லை. டிக்கெட் வாங்குகிறவர்கள் தும்மிக்கொண்டே மேலே ஏறுவார்கள்.

அந்தக் குடும்பம் ஒரு காலத்தில் சொந்தமாக பேண்டு வைத்திருந்தது. கல்யாணத்துக்கும் கப்பல் வரவேற்புக்கும் ஊத, சீமையிலிருந்து வாத்தியங்கள் வரவழைத்திருக்கிறார்கள். பேண்டு கலைந்து, ஊதினவர்கள் எல்லாம் செத்துப்போய், வாத்தியங்கள் மட்டும் மிஞ்சின. கார்னெட்டுகள், இரண்டு ஆள் உயரத்துக்குக் குழாயை மடித்து வைத்தது போன்ற பெரிய கொம்புகள், பஸ்ஸூன் என்கிற ஆள் உயர மரக்குழல் ஒன்று, நாலைந்து புல்லாங்குழல்கள். வடக்குப் பக்கத்து அறை முழுக்க அவைதான். ஜன்னலைத் திறந்தால் காயல் காற்று உள்ளே வரும். மழைக்காலத்தில் பித்தளையில் பச்சைக் களிம்பு ஏறும்.

எழுபதுகளின் நடுவில் நான் அங்கே டைப்பிஸ்டாகச் சேர்ந்தேன். வாத்திய அறையைப் பார்த்துக்கொண்டிருந்தவர் வளைகுடாவுக்குப் போனதும் அந்தச் சாவியும் என் கைக்கு வந்தது. என் அப்பா திருநெல்வேலியிலிருந்து பண்டகசாலைக் கணக்கு எழுத வந்தவர். நான் பிறந்தது மட்டாஞ்சேரியில், படித்தது மலையாளத்தில். தமிழை எழுத்துக் கூட்டித்தான் வாசிப்பேன். ஆனாலும் தமிழ் பேசுகிற யார் படியேறி வந்தாலும் சூப்பிரண்டு சார் என் பக்கம் கையைக் காட்டிவிடுவார்.

அப்படித்தான் அந்த அக்கா வந்தாள். நல்ல மழை. புடவைத் தலைப்பைத் தலையில் போட்டுக்கொண்டு, ஒரு துணிப்பையை மார்போடு அணைத்துப் பிடித்திருந்தாள். தோப்பும்படியில் இறால் உரிக்கும் ஷெட்டில் வேலை. தண்ணீரிலும் ஐஸிலும் ஊறி விரல் நுனிகள் வெளுத்து, வெடித்திருந்தன. பேச்சு நாகர்கோவில் பக்கத்துப் பேச்சு.

"மக்களே, இத இங்க வச்சுக்கிடுவீங்களா?"

பைக்குள் ஒரு பழைய பனியன் துணி. அதற்குள் ஒரு கிளாரினெட். நான் அதுவரை பார்த்த கிளாரினெட்டுகள் எல்லாம் கறுப்பு. இது மஞ்சள். உருக்கிய நெய் நிறத்தில் மரம், மூட்டுக்கு மூட்டு தந்த வளையம், மேலே அஞ்சாறு பித்தளைக் கட்டைகள்தான்.

"யாரோடதுக்கா இது?"

"எங்க வீட்டுக்காரருக்கு உள்ளது. அவியளுக்கத் தாத்தா ஊதினது. அதுக்கு முன்ன ஒரு வெள்ளக்காரச் சாமியார் கையில இருந்ததாம்."

"அவருக்குத் தெரியுமா, நீங்க கொண்டு வந்தது?"

"தெரிஞ்சா விடுவாவளா?"

அப்புறம் சொன்னாள். அவர் தேவாலயத் திருநாள்களுக்கு ஊதுகிற செட்டில் இருந்தவர். நெஞ்சில் நோய் வந்து ஆஸ்பத்திரியில் பல மாதம் கிடந்து எழுந்தார். இனி ஊதினால் உயிர் நிற்காது என்று டாக்டர் சொல்லிவிட்டார். ஆனால் இவள் ஷெட்டுக்குப் போனதும் மனுஷன் அதைக் கையில் எடுத்துவிடுவார். சாயங்காலம் வந்து பார்த்தால் துண்டில் ரத்தம் இருக்கும்.

"ஒளிச்சு வச்சும் பாத்தேன். கண்டுபிடிச்சிருதாவ. விக்கதுக்கு மனசில்ல. விட்டெறியவும் மனசில்ல. இங்கன்னா பத்திரமா இருக்கும்லா?"

"இருக்கும் அக்கா" என்றேன். அருங்காட்சியகத்தில் வேலை பார்க்கிற யாரும் அதைத்தான் சொல்வார்கள்.

சூப்பிரண்டு சார் பூதக்கண்ணாடியை வைத்துப் பார்த்தார். அவர் முகம் அப்படி மலர்ந்து நான் அதற்கு முன்னால் பார்த்ததில்லை. எங்களிடம் இருந்த எல்லா வாத்தியங்களையும்விட அது பழையது என்றார். அறையின் நடுவில் அவர் புதிதாகச் செய்து வைத்திருந்த கண்ணாடிப் பெட்டி ஒன்று காலியாக நின்றது. உள்ளே இரண்டு பல்பு. கிளாரினெட்டைச் சிவப்பு வெல்வெட்டில் கிடத்தி அவரே சுவிட்சைப் போட்டார்.

மறுநாள் அக்காவின் வீட்டுக்காரர், அந்த அண்ணன், வந்தார். சுள்ளிக்கல்லிலிருந்து நடந்தே வந்திருக்கிறார், வழியெல்லாம் நின்று நின்று. ஒல்லியான நெட்டை உருவம். கழுத்து வரை பட்டன் போட்ட வெள்ளைச் சட்டை. கோபத்தில்தான் வந்தார், ஆனால் கோபப்பட மூச்சு இல்லை.

"தங்கச்சி, எம் பொருளத் தாங்க."

சூப்பிரண்டு சார் அவரை வாத்திய அறைக்குக் கூட்டிப் போனார். நானும் பின்னால் போனேன். பெட்டிக்கு முன்னால் அவர் நின்றார். வெகு நேரம் நின்றார். பிறகு என்னைத் திரும்பிப் பார்த்து, "இது இவ்வளவு மஞ்சளா?" என்று கேட்டார். வாயில் வைத்து ஊதியவர் அதை ஒருநாளும் தள்ளி நின்று பார்த்ததில்லை போலிருக்கிறது.

அதை அருங்காட்சியகத்துக்கே தந்துவிடுவதாக அன்றே கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். பெருமையில்தான் போட்டார் என்று நினைத்தேன். பின்னால் ஒருநாள் அவரே சொன்னார். "வீட்டுல இருந்தா என்னால ஊதாம இருக்க முடியாது தங்கச்சி. அவ செஞ்சது சரிதான். ஆனா அவகிட்ட அதச் சொல்ல மாட்டேன்."

அதன் பிறகு ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் வந்துவிடுவார். சில நாள் அக்காவும் கூட வருவாள். அவருக்கு டிக்கெட் கிடையாது. நான் ஒரு ஸ்டூலைப் போடுவேன். அதில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டே இருப்பார். வலது கை விரல்கள் தொடைமேல் தாமாக ஏறி இறங்கும். வல்லார்பாடம் மாதா கோயில் பெருநாளுக்குப் போகும்போது வள்ளத்தில் நின்றுகொண்டே ஊதியதையும், அலை தூக்கிப் போட்டதில் பக்கத்தில் டிரம் அடித்தவர் தண்ணீரில் விழுந்ததையும், செட்டு நிறுத்தாமல் ஊதிக்கொண்டே அவரை வள்ளத்துக்குள் தூக்கிப் போட்டதையும் சொல்லிச் சிரிப்பார். சிரிப்பு இருமலாகும். அக்கா முதுகைத் தடவிக்கொண்டே, "பேசாண்டாம்னு சொன்னா கேக்கணும்" என்பாள். அந்த நாள்களில் அவர்கள் இரண்டு பேரும் சந்தோஷமாக இருந்தார்கள் என்றுதான் நினைக்கிறேன்.

காலையில் பத்து மணிக்குப் பல்பைப் போட வேண்டும், மூடும்போது அணைக்க வேண்டும். மத்தியானம் கண்ணாடியைத் தொட்டால் சாயா கிளாஸைத் தொட்டது போலச் சுடும். காலையில் வந்து பார்த்தால் கண்ணாடியின் உள்பக்கம் வேர்த்திருக்கும். எனக்கு அது ஒரு விஷயமாகத் தோன்றவில்லை. மட்டாஞ்சேரியில் எல்லாமே வேர்க்கும். உப்பும் தீப்பெட்டியும்கூட.

இரண்டாவது கோடை முடியும் சமயம் அவர் ஸ்டூலிலிருந்து எழுந்து கண்ணாடிக்கு அருகே குனிந்தார்.

"தங்கச்சி, அது மேல ஒரு முடி கெடக்கே, அது என்ன?"

நானும் குனிந்து பார்த்தேன். முடி அல்ல, விரிசல். ஊதுகிற முனைக்குக் கீழே தொடங்கி முதல் துளை வரைக்கும் ஓடியிருந்தது.

சூப்பிரண்டு சாரிடம் ஓடினேன். அவர் கெட்ட மனிதர் இல்லை. அந்தப் பல்புகளை டிரஸ்டோடு சண்டை போட்டு வாங்கியவர் அவர்தான். வருகிறவர்கள் முதலில் அந்தப் பெட்டிக்குத்தான் போனார்கள். அவருக்கு அது பெரிய விஷயம். "லைட்டு இல்லாம இருட்டில ஆரு காணும்?" என்று கேட்டுவிட்டு, தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். பிறகு, வேறொரு ஊரின் பெரிய அருங்காட்சியகத்துக்கு உதவி கேட்டு எழுதச் சொன்னார். நான் டைப் அடித்தேன். மூன்று தடவை நினைவூட்டி எழுதிய பிறகு, எர்ணாகுளத்துக்கு வேறு வேலையாக வந்த ஒரு நிபுணர் அப்படியே எங்களிடமும் வந்தார்.

அவர் வந்தது ஒரு ஞாயிற்றுக்கிழமை. அண்ணனும் இருந்தார். நிபுணர் பெட்டியைத் திறந்து பார்த்துவிட்டுத் தெளிவாகச் சொன்னார். பகலில் பல்பின் சூட்டில் மரம் சுருங்குகிறது, ராத்திரி ஈரத்தில் உப்புகிறது. ஒவ்வொரு நாளும் இதுதான் நடந்துகொண்டிருக்கிறது. வந்த விரிசல் இனி ஒட்டாது. மேலே போகாமல் நிறுத்த வேண்டுமானால் அறை ராத்திரியும் பகலும் ஒரே மாதிரி இருக்க வேண்டும். தண்ணீருக்குப் பக்கத்தில் நிற்கிற இந்தக் கட்டடத்தில் அது நடக்காது.

"சார், நான் மாசாமாசம் எண்ணெ போட்டு வச்சது" என்றார் அண்ணன். "கொஞ்சம் எண்ணெ காட்டிப் பாக்கலாமா?"

எண்ணெய் கூடவே கூடாது, போட்டிருந்த எண்ணெயே கெடுதல் என்றார் நிபுணர். வீட்டில் மூன்று தலைமுறையாக எண்ணெய் போட்டு நன்றாக இருந்தது, இங்கே எண்ணெய் போடாமல் வெடித்தது. இதில் யார் சொன்னது சரி என்று எனக்கு இன்றைக்கும் தெரியாது. நிபுணர் சாயா குடித்துவிட்டு படகு பிடித்துப் போனார்.

பல்புகளைக் கழற்றினார்கள். பெட்டி இருட்டாயிற்று. சில மாதம் அப்படியே போயிற்று. அதற்குள் ஒரு பெரிய மனிதர் பார்வையிட வருவதாகச் செய்தி வந்தது. டிரஸ்டிலிருந்து ஆட்கள் வந்து சுவருக்குச் சுண்ணாம்பு அடித்தார்கள். பித்தளை வாத்தியங்களை எல்லாம் கீழே இறக்கி, புளியும் சாம்பலும் போட்டு விளக்கு தேய்ப்பது மாதிரி தேய்த்தார்கள். செய்தவனின் பெயரும் ஊரும் செதுக்கியிருந்த இடம் தேய்ந்து மொழுமொழுவென்று ஆயிற்று. நான் தடுக்கப் போனதற்கு, "உங்களுக்கு டைப்பிங் மதி" என்றார் ஒருவர், அது மட்டும் போதும் என்று. கண்ணாடிப் பெட்டியில் பல்பு மறுபடி ஏறியது, முன்னைவிடப் பெரிதாக. பெரிய மனிதர் வந்தார், ஐந்து நிமிஷம் நின்றார், போனார். பல்பை யாரும் கழற்றவில்லை. வாட்ச்மேன் போட்டதை நான் அணைப்பேன். நான் அணைத்ததை அவர் போடுவார். கடைசியில் எனக்கு ஒரு மெமோ வந்தது.

அந்தக் கோடையில் விரிசல் துளைகளைத் தாண்டிக் கீழ் மூட்டுக்குப் போயிற்று. தந்த வளையம் ஒன்று கழன்று வெல்வெட்டில் கிடந்தது. அண்ணன் அன்றைக்குத் தனியாகத்தான் வந்திருந்தார். பார்த்தார். ஸ்டூலில் உட்காரவில்லை. சூப்பிரண்டு அறை வாசலில் போய் நின்று, "சார், ஒரு தடவ என் கையில தாங்க. நான் சரி பண்ணிட்டு இங்க வச்சே திருப்பித் தாறேன்" என்றார்.

"அது பற்றில்ல கேட்டோ" என்று மறுத்தார் சார், நிமிர்ந்து பார்க்காமல். "எழுதித் தந்தால் பின்னே அது நிங்ஙளுடேது அல்ல."

"சரி சார்."

அவ்வளவுதான். படியிறங்கிப் போனார். அப்புறம் வரவில்லை. உடம்பு முடியாமல் வராமல் இருந்தாரா, மனசு முடியாமலா என்று எனக்குத் தெரியவில்லை.

அடுத்த மழைக்காலத்தில் அவர் இறந்துபோனார். எனக்குச் செய்தி தெரிந்ததே அக்கா வந்தபோதுதான். மருமகனோடு வந்திருந்தாள். இரண்டு பேரும் தொப்பலாக நனைந்திருந்தார்கள். வீட்டில் உடம்பு கிடக்கிறது, சாயங்காலம் அடக்கம். எடுக்கிற வரைக்கும் அந்தக் கிளாரினெட் அவர் நெஞ்சின்மேல் இருக்கட்டும், சவப்பெட்டியை மூடுவதற்கு முன்னால் திருப்பித் தந்துவிடுகிறேன் என்றாள். என்னிடம் தமிழில் சொன்னவள், சூப்பிரண்டு சாரைப் பார்த்ததும் மலையாளத்துக்கு மாறினாள்.

"ஒரு மணிக்கூர் மதி சாரே. ஒற்ற மணிக்கூர்."

"நானே கையில கொண்டு போய் நானே திருப்பிக் கொண்டு வர்றேன் சார்" என்றேன்.

அவர் டிரஸ்டில் ஒருவருக்குப் போன் செய்தார். முடியாது என்று பதில் வந்தது. எங்கள் முன்னாலேயே இன்னொருவருக்குச் செய்தார். சாவு வீட்டுக்குப் பொருள் அனுப்புகிற வழக்கம் இல்லை, இன்று ஒருவருக்குக் கொடுத்தால் நாளை எல்லாரும் கேட்பார்கள் என்றார்கள். போனை வைத்துவிட்டு அவர் அக்காவைப் பார்க்காமல் என்னைப் பார்த்தார். அக்காவின் புடவையிலிருந்து தண்ணீர் சொட்டி மரத்தரையில் சின்னக் குட்டையாகத் தேங்கி நின்றது. அவள் இன்னொரு தடவை கேட்கவில்லை.

சாயங்காலம் நான் சுள்ளிக்கல்லுக்குப் போனேன். செட்டுக்காரர்கள் மழையில் குடைகூடப் பிடிக்காமல் ஊதிக்கொண்டு போனார்கள். அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டுதான் கல்லறை வரைக்கும் நடந்தாள். கிளாரினெட்டைப் பற்றிப் பேசவே இல்லை.

பிறகு அவள் வீட்டைக் காலி செய்துவிட்டுக் கும்பளங்கியில் இருந்த மகளோடு போய்விட்டாள். சூப்பிரண்டு சார் ஓய்வு பெற்றார். எண்பதுகளில் ஒரு மழையில் வாத்திய அறையின் கூரை ஒரு பக்கம் இறங்கியது. இருந்ததை எல்லாம் கீழே, மிளகு மூட்டைகள் இருந்த இருட்டறைக்குக் கொண்டு போனோம். கொஞ்ச நாளில் சரியாகிவிடும் என்றார்கள். கூரைக்கு யாரும் வரவில்லை. கீழே தரையிலிருந்தே ஈரம் ஏறியது. புல்லாங்குழல்களுக்கு அடியில் மாவு மாதிரி பொடி உதிர ஆரம்பித்தது. வண்டு. நான் வேப்பிலையும் பாச்சை உருண்டையும் போட்டுப் பார்த்தேன். மேலே எழுதினேன். பதிலுக்கு, மேற்கொண்டு எழுத வேண்டாம் என்று ஆள் மூலம் சொல்லியனுப்பினார்கள்.

சில வருஷம் கழித்து அக்கா படியேறி வந்தாள். தலை முழுக்க நரைத்திருந்தது.

"ஒருக்கா அதக் கண்டுட்டுப் போலாம்னு வந்தேன் மக்களே."

வேண்டாம் அக்கா என்று சொல்லத்தான் நினைத்தேன். அதற்குள் புது சூப்பிரண்டு வந்துவிட்டார். சின்ன வயது, இரக்கமுள்ள பையன். விஷயத்தைக் கேட்டதும் அவரே சாவியை எடுத்துக்கொண்டு எங்களைக் கீழே கூட்டிப் போனார். தகரத் தட்டில் அது மூன்று துண்டாகக் கிடந்தது. மஞ்சள் எல்லாம் போய்ச் சாம்பல் நிறம். ஒரு துண்டு நீளவாக்கில் இரண்டாகப் பிளந்திருந்தது. உடம்பெல்லாம் குண்டூசி குத்தினது போல ஓட்டைகள்.

அக்கா ஒரு துண்டைக் கையில் எடுத்தாள். புதியவர் தடுக்கவில்லை. திருப்பிப் பார்த்தாள். மூக்கருகே கொண்டுபோய் மோந்தாள். பிறகு தட்டிலேயே வைத்தாள்.

"இது அவியளோடது இல்ல."

"அதேதான் அக்கா. நான் இங்கதானே இருக்கேன், எங்கயும் போகலியே."

"அவியளோடது நெய் மாதிரி இருக்கும்."

ஊதுகிற முனையை எடுத்துக் காட்டினேன். அவருடைய மேல்வரிசைப் பல் பதிந்து பதிந்து விழுந்த சின்னப் பள்ளம் அப்படியே இருந்தது. அவள் அதில் கட்டைவிரலை வைத்துப் பார்த்தாள். எனக்கு நம்பிக்கை வந்தது.

"பல்லுத் தடம் யாருக்கும் இருக்கும்லா" என்றாள். "நல்ல சாதனத்த யாருக்கோ குடுத்துட்டீங்க. கப்பல்ல போயிருக்கும்."

புதிய சூப்பிரண்டுக்குத் தமிழ் பாதிதான் புரிந்தது. அவள் அழப்போகிறாள் என்று பயந்து, வேண்டுமானால் இதை வீட்டுக்கே கொண்டுபோகலாம், டிரஸ்டில் நான் சொல்லிக்கொள்கிறேன் என்றார். ஒரு மணி நேரத்துக்குத் தர மாட்டோம் என்ற பொருளை, ஒன்றுக்கும் ஆகாமல் போன பிறகு, எப்போதைக்குமாகத் தர அவர்கள் தயார். அவர் நல்ல எண்ணத்தில்தான் சொன்னார்.

"வேற யாருக்கோ உள்ளது எனக்கு எதுக்கு?" என்று அக்கா என்னைப் பார்த்துச் சொன்னாள். அப்படி அவள் என்னை ஒருநாளும் பார்த்ததில்லை. தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டு வெளியே போய்விட்டாள்.

அருங்காட்சியகத்துக்காரர்கள் கிளாரினெட்டை விற்றுவிட்டார்கள் என்ற பேச்சு சுள்ளிக்கல்லில் கிளம்பியது. என் பக்கத்து வீட்டுக்காரியே ஒருநாள், "உள்ளதா?" என்று கேட்டாள், அது நிஜமா என்று. எனக்குப் பொறுக்கவில்லை. ஒரு விடுமுறை நாளில் கும்பளங்கிக்குப் பஸ் ஏறினேன்.

வீட்டுக்குப் பின்னால் செம்மீன் கட்டு, இறால் வளர்க்க வரப்புக் கட்டிய தண்ணீர். அக்கா கரையில் உட்கார்ந்து ஓலை பின்னிக்கொண்டிருந்தாள். மகள் கப்பைக் கிழங்கும் சாயாவும் கொண்டு வந்து வைத்தாள். அக்காவும் என்னை மரியாதையாகத்தான் உட்காரச் சொன்னாள். நான் எல்லாவற்றையும் சொன்னேன். பல்பு, ஈரம், கூரை, வண்டு, நான் எழுதியது, வந்த பதில். அவள் குறுக்கே பேசாமல் கேட்டாள். முடிந்ததும் குரலைத் தணித்து, "எந்த ஊருக்குப் போச்சு, அத மட்டும் சொல்லு மக்களே" என்றாள்.

"எங்கயும் போகல அக்கா."

"அங்க நல்லா வச்சிருக்காவளா?"

நான் சாயா கிளாஸை எடுத்தேன். பொய் சொல்லியிருக்கலாம் என்று மகளே பிற்பாடு சொன்னாள். ஏதாவது ஒரு சீமைப் பெயரைச் சொல்லியிருந்தால் போதும். அன்றைக்கு எனக்கு வாய் வரவில்லை. சொல்லியிருந்தால் அவளுக்கு நிம்மதி கிடைத்திருக்குமா என்பதும் எனக்குத் தெரியாது. தன் கையால் அதைக் கொண்டு வந்து கொடுத்தவள் அவள். அது அவளுக்கு மறக்கவில்லை.

"சொல்லாண்டாம்னு சொல்லியிருப்பாங்க. உனக்கும் வேல வேணும்லா" என்று அவளே எனக்காகச் சமாதானம் சொன்னாள். ஓலையை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். திரும்பி வரவில்லை. நான் சாயாவைக் குடித்து முடிக்கும் வரை மகள் வாசலில் நின்றாள்.

எண்பதுகள் முடிவதற்குள் டிரஸ்ட் கட்டடத்தை வேறு ஆட்களுக்குக் கொடுத்துவிட்டது. பித்தளை வாத்தியங்களை ஒரு வியாபாரி வந்து எடுத்துப் போனார். ஓட்டல்களில் சுவரில் மாட்ட நன்றாக இருக்கும் என்றார். மரத்தில் இருந்ததை அவர் தொடவில்லை. காலி செய்கிற அன்று அந்தத் தட்டை என்ன செய்வது என்று கூலியாள் என்னிடம் கேட்டார். புதிய சூப்பிரண்டு ஏற்கனவே வேறு வேலைக்குப் போய்விட்டிருந்தார். கேட்க வேறு யாரும் இல்லை. வீட்டுக்குக் கொண்டுபோகலாம் என்று ஒரு துண்டைத் தூக்கினேன். விரல் பட்ட இடம் உள்ளே அமுங்கியது, பிஸ்கட் மாதிரி. உள்ளே மரமே இல்லை.

அப்படியே வைத்துவிட்டேன். கூலியாள் தட்டோடு எடுத்துக்கொண்டு போனார். அடுத்த வாரம் நான் வில்லிங்டன் தீவில் ஒரு கப்பல் ஏஜென்ட் ஆபீசில் டைப்பிஸ்டாகச் சேர்ந்தேன்.